பிரவுசரிலேயே ஆடும் எஸ்கேப், புதிர் விளையாட்டுகள்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டால் மஞ்சக்குப்பம் ஆகட்டும், முத்தியால்பேட்டை ஆகட்டும், வீட்டுக்கு வீடு ஒரு போனோ லேப்டாப்போ பிள்ளைகள் கையில்தான் இருக்கும். அந்த நேரத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் மாறி மாறிக் கேட்ட சந்தேகங்களைக் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். காசு கட்டாமல், ஆப் எதுவும் போடாமல், பிரவுசரைத் திறந்தவுடன் ஆடக்கூடிய விளையாட்டுகளைப் பற்றித்தான் பெரும்பாலும் பேச்சு.

எஸ்கேப் கேம்னா என்னங்க? ஓடுறதா, சுடுறதா?

இரண்டும் இல்லை. ஓர் அறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள், கதவு பூட்டியிருக்கிறது. திரையில் தெரியும் மேசை, அலமாரி, படம், கடிகாரம் என ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, கிடைக்கும் பொருளையும் குறிப்பையும் சேர்த்துப் பூட்டைத் திறக்க வேண்டும். அவசரம் கிடையாது. பெரும்பாலானவற்றில் நேரக் கணக்கும் இல்லை.

இந்த வகையை உலகம் முழுக்கப் பரப்பியது 2004இல் ஜப்பானின் தோஷிமிட்சு தகாகி செய்த கிரிம்சன் ரூம். அதற்கு முன்பே 2001இல் யான் அல்பார்டஸ் செய்த மோட்டாஸ் வந்துவிட்டது. கதவு திறக்கும் கதை இல்லாமல் வெறும் புதிராக இருப்பவையும் உண்டு: சுடோக்கு, பெட்டி தள்ளுவது, விளக்கணைப்பது. இந்தப் பக்கத்தில் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம். எஸ்கேப் கேமின் பூட்டுகளுக்குள் ஒளிந்திருப்பவை பெரும்பாலும் இந்தப் புதிர்கள்தான்.

நெஜமாவே ஃப்ரீயா? கடைசி லெவல்ல காசு கேக்குமா?

மூன்று வகை இருக்கின்றன. முழுக்க இலவசம், விளம்பரமும் இல்லை: சைமன் டாதமின் புதிர்த் தொகுப்பு, எழுத்திலேயே நகரும் கதை விளையாட்டான ஏ டார்க் ரூம், எண் கட்டங்களை நகர்த்திச் சேர்க்கும் 2048இன் மூலப் பதிப்பு. இவற்றின் நிரலே எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்தது, ஆட்டம் இலவசம், நடுநடுவே விளம்பரம் வரும். மூன்றாவது, முதல் பகுதி மட்டும் இலவசம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் முன்பே தெரிந்துகொண்டு ஆரம்பித்தால் மனம் கோணாது.

பணம் கட்டி ஆடு, ஜெயித்தால் பணம் என்று சொல்வது எதுவும் இந்தப் பட்டியலில் சேராது. அப்படிப்பட்ட இணையப் பண விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்திருக்கிறது. புதிர் விளையாட்டு என்ற பெயரில் யுபிஐ எண்ணோ ஓடிபியோ கேட்டால் அந்தப் பக்கத்தை உடனே மூடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

எதுல இருந்து ஆரம்பிக்கலாம்? நிறைய வேணாம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

சைமன் டாதமின் போர்ட்டபிள் பசில் கலெக்‌ஷன். ஒரே பக்கத்தில் சுமார் 40 வகைப் புதிர்கள். ஒவ்வொன்றும் ஒரு வாட்ஸ்அப் வீடியோ அளவுகூட டேட்டா எடுக்காது, பழைய மெஷினிலும் ஓடும். அளவையும் கடினத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம், புதிது கேட்கக் கேட்க வந்துகொண்டே இருக்கும். இதைத்தான் முதலில் சொல்வதற்குக் காரணம் அதன் நேர்மை. எண்களை வைத்து வெடி ஒளிந்திருக்கும் கட்டங்களைக் கண்டுபிடிக்கும் கண்ணிவெடி (மைன்ஸ்) ஆட்டத்தைப் பாருங்கள். மற்ற இடங்களில் கடைசியில் இரண்டு கட்டம் மிஞ்சும், எதில் வெடி என்று குருட்டாம்போக்கில் அடிக்க வேண்டியிருக்கும். இங்கே புதிரை உருவாக்கும்போதே யோசித்தே முடிக்க முடியுமா என்று நிரல் சரிபார்த்த பிறகுதான் நம் முன்னால் வைக்கிறது.

இன்னொரு வசதி பலருக்குத் தெரியாது. கட்டத்துக்கு அடியில் அந்தப் புதிருக்கான இணைப்பு இருக்கும். அதை நகலெடுத்து அனுப்பினால் கடலூரில் இருக்கும் அக்காவும் லாஸ்பேட்டையில் இருக்கும் தம்பியும் ஒரே புதிரை ஒரே நேரத்தில் போடலாம். அண்டூ பொத்தான் இருப்பதால் தப்பான இடத்துக்குப் போனாலும் படிப்படியாகத் திரும்பி வரலாம்.

எஸ்கேப் கேம் ஆயிரக்கணக்குல இருக்கு. நல்லதா இல்லையான்னு ஆடறதுக்கு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல் 5 நிமிடம் போதும். நாம் பார்ப்பது ஒன்றைத்தான்: திறக்கத் தேவையான எல்லாம் அந்த அறைக்குள்ளேயே இருக்கிறதா? சுவரில் முக்கோணம், சதுரம், ஐங்கோணம் வரிசையாக மாட்டியிருக்கிறது, மேசை இழுப்பறையில் மூன்று எண் பூட்டு இருக்கிறது; 3, 4, 5 போட்டால் திறக்கிறது. இது நேர்மையான பூட்டு. ஏன் திறந்தது என்று நம்மால் அடுத்தவருக்கு ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியும். திறந்த பிறகும் காரணம் புரியவில்லை என்றால் அந்த விளையாட்டை விட்டுவிடலாம். அடுத்த பூட்டும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு குறை, பிக்சல் தேடுதல். பொருள் கண்ணுக்கே தெரியாது, கட்டிலின் ஓரத்தில் மயிரிழை அகல இடத்தில் கிளிக் பட்டால்தான் கிடைக்கும். புகழ்பெற்ற கிரிம்சன் ரூமிலேயே இந்தக் குறை இருக்கிறது. வகைக்கு வழிகாட்டியது என்பதற்காக அதை மதிக்கலாம், முதல் விளையாட்டாகப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

கிளியைக் காப்பாற்று, கோயிலிலிருந்து வெளியே வா என்று வரும் விளையாட்டுகளைத் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களே நிறையச் செய்திருக்கின்றன. வரைந்த தோட்டத்தில் வாழை மரமும் செம்மண்ணும் பார்த்தாலே தெரியும். அவற்றில் நல்லதும் உண்டு. ஒரே பூட்டை நிறம் மாற்றித் திரும்பத் திரும்ப வைப்பவையும் உண்டு. மேலே சொன்ன 5 நிமிடச் சோதனையை அவற்றுக்கும் வையுங்கள். புதிதாகத் தேடுபவர்கள் இட்ச் (itch.io) தளத்தில் இலவசம், வெப் என்ற இரண்டு வடிகட்டியையும் போட்டு எஸ்கேப் என்ற குறிச்சொல்லைத் தேடலாம். தனி ஆட்கள் பாசமாகச் செய்த சிறு விளையாட்டுகள் அங்கேதான் அதிகம்.

எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் நகர மாட்டேங்குது.

கண்ட இடத்தில் தட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். தாளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் இன்னும் திறக்காத பூட்டுகள், வலப்பக்கம் இன்னும் பயன்படாத குறிப்புகள் என்று எழுதுங்கள். பூட்டு எத்தனை இடம் கேட்கிறது, எண்ணா, நிறமா, திசையா என்பதையும் எழுத வேண்டும். நான்கு நிறப் பொத்தான் உள்ள பூட்டுக்கு நான்கு நிறம் வரிசையாகத் தெரியும் ஏதோ ஒன்று எங்கோ இருக்கும். திரைச்சீலைக் கோடு, புத்தக முதுகு, மலர்ச் சட்டி என இரண்டு பக்கத்தையும் கோடு போட்டு இணைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அப்படியும் நகரவில்லை என்றால் பார்க்காத இடம் இருக்கிறது என்று அர்த்தம். திரையின் நான்கு ஓரத்திலும் மெல்ல மௌஸைக் கொண்டுபோங்கள், அம்பு கையாக மாறும் இடத்தில் கிளிக் செய்யலாம். மேசைக்கு அடியில், கம்பளத்தின் மூலையில், திறந்த கதவுக்குப் பின்னால், கையில் எடுத்த பொருளின் பின்பக்கத்தில் பாருங்கள். கையில் உள்ள பொருளைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி பல விளையாட்டுகளில் உண்டு, பலர் தவறவிடுவது இதைத்தான். இரண்டு பொருளை ஒன்றோடு ஒன்று சேர்த்தும் பாருங்கள்: பேட்டரியும் டார்ச்சும், கைப்பிடியும் ஸ்க்ரூ டிரைவர் முனையும். ஏற்கெனவே பார்த்த இடமும் விளக்கு அணைந்த பிறகு மாறியிருக்கலாம்.

நாலு நம்பர் பூட்டு. எந்த நம்பர்னு தெரியுது, வரிசை தெரியல. எல்லாத்தையும் போட்டுப் பாக்கலாமா?

பார்க்கலாம், கணக்கு நமக்குச் சாதகமாக இருந்தால். நான்கும் வெவ்வேறு இலக்கம் என்றால் 24 வரிசைதான். ஒன்றுக்கு 3 நொடி வைத்தாலும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும். விசைப்பலகையில் மூன்று பொத்தான் மட்டும் தேய்ந்திருக்கிறது, நான்கு இடம் இருக்கிறது என்றால் ஏதோ ஒன்று இரண்டு முறை வருகிறது, மொத்தம் 36. எது இரண்டு முறை என்று தெரிந்தால் 12. இரண்டே பொத்தான் தேய்ந்திருந்தால் 14.

ஒன்றுமே தெரியாமல் 0000இலிருந்து தொடங்கினால் 10,000. அதே 3 நொடி வீதம் எட்டு மணி நேரத்துக்கு மேல். அதற்குப் பதில் முந்தைய பதிலில் சொன்ன தாளுக்குத் திரும்புங்கள். வரிசைக்கும் ஒரு குறிப்பு இருக்கும்: பெரியதிலிருந்து சிறியது, இடமிருந்து வலம், வானவில் நிற ஒழுங்கு, கடிகாரச் சுற்று இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் அமையும்.

ஒரு லைட்டை அணைச்சா பக்கத்துல இருக்கறது எரியுது. 5க்கு 5 கட்டம். இதை எப்படிங்க முடிக்கிறது?

இதற்கு லைட்ஸ் அவுட் என்று பெயர். 1995இல் கைக்கருவியாக விற்பனைக்கு வந்தது, அன்றுமுதல் எஸ்கேப் கேம்களில் குடியேறிவிட்டது. ஒரு கட்டத்தை அழுத்தினால் அதுவும் மேல், கீழ், இடம், வலமும் மாறும். இரண்டு விஷயம் புரிந்தால் பயம் போய்விடும். அழுத்தும் வரிசை முக்கியம் இல்லை. ஒரே கட்டத்தை இரண்டு முறை அழுத்தினால் அழுத்தாதது போலத்தான்.

இப்போது மேலிருந்து கீழே வாருங்கள். முதல் வரிசையில் எது எரிகிறதோ அதற்கு நேர்கீழே இரண்டாம் வரிசையில் அழுத்துங்கள், முதல் வரிசை அணையும். இப்படியே இரண்டாம் வரிசையை மூன்றாம் வரிசையால், அதை நான்காவதால், அதை ஐந்தாவதால் அணையுங்கள். இப்போது கடைசி வரிசையில் மட்டும் ஏதாவது எரியும். இடமிருந்து 1, 2, 3, 4, 5 என்று எண்ணிக்கொள்ளுங்கள். 1, 2, 3 எரிந்தால் மேல் வரிசையில் 2ஐ அழுத்துங்கள். 3, 4, 5 எரிந்தால் 4ஐ. 2, 3, 5 எரிந்தால் 1ஐ. 1, 3, 4 எரிந்தால் 5ஐ. 1, 2, 4, 5 எரிந்தால் 3ஐ. 1உம் 5உம் எரிந்தால் 4, 5 இரண்டையும். 2உம் 4உம் எரிந்தால் 2, 5 இரண்டையும். அழுத்திவிட்டு மறுபடி மேலிருந்து கீழே அதே முறையில் வந்தால் மொத்தமும் அணைந்துவிடும்.

இந்த ஏழில் சேராத ஒன்று கடைசி வரிசையில் வந்தால் வழியில் எங்கோ கை தவறியிருக்கிறது. அல்லது அந்த விளையாட்டைச் செய்தவர் விளக்குகளைக் கண்டபடி எரியவிட்டிருக்கிறார். 5க்கு 5இல் கண்டபடி அமைக்கும் நிலைகளில் நான்கில் ஒன்றுதான் தீரும்.

படத்தைத் துண்டு துண்டா நகர்த்துற புதிர். எல்லாம் வந்துடுச்சு, கடைசி ரெண்டு மட்டும் இடம் மாறி நிக்குது.

எல்லாத் துண்டும் வெவ்வேறாக இருந்தால் இந்த நிலையிலிருந்து எவ்வளவு நகர்த்தினாலும் சேராது. 15 துண்டுப் புதிரின் நிலைகளில் சரிபாதி தீராதவை என்று ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் 1879இலேயே நிரூபித்துவிட்டார்கள். ஆனால் படப் புதிரில் வேறொரு காரணம் இருக்கும். வானமோ கடலோ உள்ள படத்தில் இரண்டு துண்டு பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நீங்கள் அவற்றை மாற்றி வைத்திருப்பீர்கள். அந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்து அடுக்கினால் கடைசி ஜோடி தானாகச் சரியாகும்.

வரிசையின் கடைசி இரண்டு துண்டில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். 4க்கு 4 கட்டத்தில் மேல் வரிசைக்கு 3ஐ வலது மூலையில் வையுங்கள், 4ஐ அதற்கு நேர்கீழே கொண்டுவாருங்கள், காலி இடத்தை 3இன் சொந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது 3ஐ இடப்பக்கம் தள்ளி 4ஐ மேலே தள்ளினால் வரிசை முடிந்தது. மேலிருந்து இரண்டு வரிசையை இப்படி முடித்துவிட்டு, மிச்சத்தை இடப்பக்கத் தூணிலிருந்து முடியுங்கள்.

முன்னாடி பிரவுசிங் சென்டர்ல ஆடுன ஃப்ளாஷ் கேமெல்லாம் எங்க போச்சு?

பிரவுசரில் அந்த விளையாட்டுகளை ஓட்டிய ஃப்ளாஷ் என்ற மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31உடன் நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயர் எதையும் ஓட்ட மறுத்தது. எஸ்கேப் கேம்களின் பொற்காலம் முழுக்க அதில்தான் இருந்தது என்பதால் இழப்பு பெரிது. ஆனால் எல்லாம் அழியவில்லை. ருஃபிள் என்ற திறந்த நிரல் பழைய கோப்பைப் புதிய பிரவுசரிலேயே ஓட்டுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ், நியூகிரவுண்ட்ஸ் இரண்டிலும் அது உள்ளேயே இருக்கிறது, நாம் எதுவும் நிறுவ வேண்டாம். ஃப்ளாஷின் நிரல் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2இல் எழுதிய மிகப் பழைய விளையாட்டுகள் நன்றாக ஓடும். 3இல் எழுதியவற்றில் சில நடுவில் நின்றுவிடும். பொத்தான் வேலை செய்யவில்லை, எழுத்து வரவில்லை என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும், உங்கள் மெஷின் அல்ல.

கணினியில் இடம் இருந்தால் ஃப்ளாஷ்பாயிண்ட் என்ற பாதுகாப்புத் திட்டம் 2018 முதல் இவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதை நிறுவி, வேண்டிய விளையாட்டை மட்டும் இறக்கி ஆடலாம். போலந்தின் மாதெயுஷ் ஸ்குட்னிக் 2005 முதல் 2015 வரை பத்துப் பாகமாகச் செய்த சப்மெஷின் தொடரைத் தேடுங்கள். மனித நடமாட்டமே இல்லாத அறைகள், துருப்பிடித்த நெம்புகோல், தாழ்ந்த ஒலி. குறிப்பெல்லாம் சுவரிலேயே இருக்கும். செக் நாட்டின் அமனிட்டா டிசைன் 2003இல் செய்த சமோரோஸ்ட்டின் முதல் பாகத்தை அவர்களே 2021இல் புதுப்பித்து இலவசமாகத் தந்திருக்கிறார்கள். அதை மட்டும் இறக்கி வைத்து ஆட வேண்டும். ஒரு வார்த்தைகூட இல்லாத விளையாட்டு என்பதால் ஆறு வயதுக் குழந்தையும் பாட்டியும் சேர்ந்து ஆடலாம்.

'ஃப்ளாஷ் பிளேயர் அப்டேட் பண்ணவும்'னு வருது. பண்ணட்டுமா?

வேண்டாம். நிறுத்தப்பட்ட ஒன்றுக்கு அப்டேட் கிடையாது. அப்படிக் கேட்கும் பக்கம் தருவது வைரஸ். போனில் ஏபிகே கோப்பை, அதாவது ஆப் நிறுவும் கோப்பை, இறக்கச் சொன்னாலும் இதே பதில்தான். பிரவுசரில் ஆடும் விளையாட்டுக்கு ஏபிகே தேவைப்படாது.

பையன் ஏதோ 'அலோ' அழுத்திட்டான். இப்ப விளையாடாதப்பவும் போன்ல விளம்பரமா வருது.

அது வைரஸ் இல்லை, அந்தத் தளம் அறிவிப்பு அனுப்பப் பையன் அனுமதி கொடுத்துவிட்டான். குரோமைத் திறந்து வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, பிறகு அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள். அனுமதித்த தளங்களின் பெயர் வரிசையாக இருக்கும். தெரியாத பெயரைத் தொட்டுத் தடை செய்யுங்கள். அதே பக்கத்தில் தளங்கள் அனுமதி கேட்பதையே மொத்தமாக நிறுத்திவைக்கலாம். பிள்ளைகள் எடுக்கும் போனில் இன்றே செய்துவிடுங்கள்.

எங்க வீட்ல இருக்கறது ஸ்கூல்ல அரசாங்கம் குடுத்த பழைய லேப்டாப். ஓடுமா?

ஓடும். 2011இல் தொடங்கிய திட்டத்தில் வந்த பழைய மெஷின்களில் நினைவகம் குறைவு. அதனால் ஒரே டேப் மட்டும் திறந்து வையுங்கள். விண்டோஸ் 7 என்றால் குரோம் 109தான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு, புதியது கேட்டு வரும் செய்தியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். டாதமின் தொகுப்பு, 2048, ஏ டார்க் ரூம் மூன்றும் இதில் சிரமம் இல்லாமல் ஓடும். முப்பரிமாண அறையைச் சுற்றிப் பார்க்கும் வகை மட்டும் திக்கும்.

போன்ல ஆடினா சில பொருளைத் தொடவே முடியல. கம்ப்யூட்டர்ல முடியுது.

மௌஸ் அம்பு கையாக மாறுவதை வைத்து இடம் கண்டுபிடிக்கும் வழி தொடுதிரையில் இல்லை. விரல் நுனி பெரிது, பொருள் சிறிது. போனைப் படுக்க வைத்துப் பிடித்து, இரண்டு விரலால் பெரிதாக்கித் தொடுங்கள். பக்கம் பெரிதாக மறுத்தால் குரோம் மெனுவில் டெஸ்க்டாப் தளம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒலியை வைத்துத் தீர்க்கும் பூட்டு வந்தால் போன் சைலண்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிபவர்கள் ஆண்ட்ராய்டில் அமைப்புகள், அணுகல்தன்மை, வண்ணத் திருத்தம் என்று போய் மாற்றிக்கொள்ளலாம். நிறப் பூட்டில் மாட்டிக்கொள்ளும் பல பிள்ளைகளுக்குப் பிரச்சினை புத்தியில் இல்லை, கண்ணில். பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பாதியில கரண்ட் போயிடுச்சு. திரும்ப வந்தா முதல்ல இருந்து ஆரம்பிக்குது.

பிரவுசர் விளையாட்டு பெரும்பாலும் உங்கள் முன்னேற்றத்தை எங்கோ தூரத்துக் கணினியில் வைப்பதில்லை. உங்கள் பிரவுசருக்குள்ளேயே எழுதி வைக்கிறது. ஆகவே அதே மெஷின், அதே பிரவுசர், அதே முகவரி என்ற மூன்றும் ஒத்துப்போனால்தான் திரும்பக் கிடைக்கும். மறைநிலை ஜன்னலில் ஆடினால் மூடியவுடன் அழிந்துவிடும். பிரவுசரின் தள டேட்டாவை அழித்தாலும் போய்விடும். ஐபோன் சஃபாரியில் இன்னொரு விதி: சஃபாரியைப் பயன்படுத்திவரும் 7 நாளும் அந்தத் தளத்தின் பக்கமே போகவில்லை என்றால் சேமித்ததை அதுவே நீக்கிவிடும்.

புயல் மழை நாளில் ஆடுகிறவர்கள் அடுத்த அறைக்குப் போனவுடன் மெனுவில் சேவ் இருந்தால் அழுத்துங்கள். சேவ் வசதியே இல்லாத சிறு விளையாட்டு என்றால் உங்கள் தாள்தான் சேவ். பூட்டு எண்கள் எழுதியிருந்தால் ஒரு மணி நேர ஆட்டத்தை ஐந்தே நிமிடத்தில் மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவரலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் எண் மாறும் விளையாட்டில் மட்டும் இது பலிக்காது. டாதம் தொகுப்பில் சேவ் கொடுத்தால் ஒரு சிறு கோப்பு இறங்கும். அதைப் பென்டிரைவில் வைத்து வேறு மெஷினிலும் தொடரலாம்.

தமிழ்ல இல்லையா? எல்லாம் இங்கிலீஷாவே இருக்கே.

நல்ல எஸ்கேப் கேமுக்கு மொழி அதிகம் தேவையில்லை. சமோரோஸ்ட் போல வார்த்தையே இல்லாதவையும், எண்ணும் வடிவமும் மட்டும் உள்ளவையும் நிறைய. மொழி குறுக்கே வருவது சொல் விளையாட்டில்தான். ஜோஷ் வார்டில் 2021இல் வெளியிட்ட வேர்டில், ஐந்து எழுத்துச் சொல்லை ஆறு முயற்சியில் கண்டுபிடிப்பது. அதன் தமிழ் வடிவங்களும் வந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுத்து 26, நமக்கு 247. க போட்டு விடை கா என்றால் அது தப்பா, பாதி சரியா? மெய் சரி, உயிர் வேறு என்று தனி நிறத்தில் காட்டும் விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். அது காட்டாதது தமிழுக்குப் பொருந்தாது.

புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்குச் சுடோம் நல்ல துணை. தினம் ஒரு பிரெஞ்சுச் சொல், முதல் எழுத்தை அதுவே தந்துவிடும். இலவசம்.

வாக்த்ரூ பாத்து முடிச்சா தப்புங்களா?

வாக்த்ரூ, அதாவது முடிக்கும் வழியை ஆடிக் காட்டும் வீடியோ, பார்ப்பது தப்பில்லை, பார்க்கும் விதம் இருக்கிறது. 20 நிமிடம் எதுவும் நகரவில்லை என்றால் பாருங்கள். வீடியோவை ஓடவிடாமல், நீங்கள் நிற்கும் பூட்டு வரும் இடத்தில் நிறுத்தி, குறிப்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். விடையை நீங்களே எடுங்கள். பார்த்த பிறகு அட, இது தெரியாமல் போச்சே என்று தோன்றினால் நல்ல விளையாட்டு. இது எப்படித் தெரியும் என்று தோன்றினால் 5 நிமிடச் சோதனையில் தோற்ற விளையாட்டு, அங்கேயே விடலாம்.

எத்தனை வயசுப் பிள்ளைக்கு எதைக் கொடுக்கலாம்?

ஆறு, ஏழு வயதில் டாதம் தொகுப்பின் அண்டேங்கிள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் புள்ளிகளை இழுத்துப் பிரிப்பது, விதி சொல்லவே வேண்டாம். எட்டு முதல் பன்னிரண்டுக்கு அதே தொகுப்பின் பிரிட்ஜஸ் (தீவுகளைப் பாலத்தால் இணைப்பது), டென்ட்ஸ் (மரத்துக்கு மரம் கூடாரம் வைப்பது); தொகுப்பில் இல்லாத, பெட்டி தள்ளும் சோகோபான். சோகோபானில் பெட்டியைத் தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. மூலைக்குப் போன பெட்டி போனதுதான் என்பதை இரண்டாவது ஆட்டத்திலேயே பிள்ளை கற்றுக்கொள்ளும். ஆங்கிலம் வாசிக்கும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2023இல் நீல் அகர்வால் செய்த தி பாஸ்வேர்ட் கேம்: ஒரு பாஸ்வேர்டு எழுத 35 விதி, ஒவ்வொன்றும் முந்தையதோடு மோதும். அதில் நிஜ பாஸ்வேர்டை மட்டும் எழுதக் கூடாது.

நெதர்லாந்தின் ரஸ்டி லேக் செய்த கியூப் எஸ்கேப் தொடர் 2015இல் தொடங்கியது, போனில் இலவச ஆப்பாகக் கிடைக்கிறது. புதிர்கள் அருமை. ஆனால் ரத்தமும் மரணமும் வரும், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பெரியவர்களுக்கு சுடோக்கு. டாதம் தொகுப்பில் அதன் பெயர் சோலோ.

கிளாஸ்ல பசங்களுக்கு நாமளே ஒரு எஸ்கேப் ரூம் செய்ய முடியுமா? கோடிங் தெரியாது.

கூகுள் ஃபார்ம்ஸ் போதும். முதல் பகுதியில் ஒரு படத்தைப் போடுங்கள். அதன் கீழே குறுகிய விடைக் கேள்வி ஒன்று சேர்த்து, வலது கீழ் மூலையில் மூன்று புள்ளியைத் தொட்டு ரெஸ்பான்ஸ் வேலிடேஷனைத் தேர்ந்தெடுங்கள். நம்பர், ஈக்வல் டு, பிறகு பூட்டின் எண். தப்பாகப் போட்டால் வரவேண்டிய செய்தியையும் எழுதுங்கள். கேள்வியைக் கட்டாயம் என்று ஆக்கிவிட்டுப் புதிய பகுதி சேர்த்தால், எண் சரியாக இருந்தால் மட்டுமே பிள்ளை அடுத்த அறைக்குப் போக முடியும். 0இல் தொடங்கும் எண் வேண்டாம். எண்ணாகப் பார்க்கும்போது 0423உம் 423உம் ஒன்றுதான்.

பூட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் உழைப்பு. புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த ஆண்டு என்ன என்று கேட்டு 1954 என்று பூட்டு வைத்தால் அது பொது அறிவுத் தேர்வு. தெரியாத பிள்ளை அங்கேயே உட்கார்ந்துவிடும். அதற்குப் பதில் ஒயிட் டவுன் தெரு ஒன்றை வரையுங்கள். மஞ்சள் வீட்டுக்கு 3 ஜன்னல், சாம்பல் வீட்டுக்கு 5, வெள்ளை வீட்டுக்கு 2, நீல வீட்டுக்கு 4. தெரு முனையில் காகிதப்பூக் கொடியின் கீழே நான்கு துணிக் கொடிகள் கட்டிய கயிறு: சாம்பல், வெள்ளை, மஞ்சள், நீலம். பூட்டு 5234. எல்லாம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. மூன்று அறைக்கு இப்படி மூன்று படம் போட்டால் ஒரு பீரியடுக்குச் சரியாக இருக்கும். கொடுப்பதற்கு முன் சக ஆசிரியர் ஒருவரை ஆட வைத்து, எங்கே தடுமாறுகிறார் என்று பேசாமல் பாருங்கள். கணினி தெரிந்த பிள்ளை பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் விடை அதில் இருக்கும் என்பதால் மதிப்பெண்ணுக்கு மட்டும் இதை வைக்காதீர்கள்.

பூட்டுக்குத் தமிழ் வார்த்தை வெச்சேன். பசங்க சரியா டைப் பண்ணாலும் தப்புன்னு சொல்லுது. ஏன்?

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருக்கிறது. அம்மா நமக்கு மூன்று எழுத்து. கணினியில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடு. இதுவரை சிக்கல் இல்லை. தோணி என்று எழுதும்போது ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல் மட்டும் வேறு என்று சொல்லிவிடும். ஒகரம், ஔகாரத்திலும் இதே கதை. ஔ எழுத்தைச் சிலர் ஒ, ள என்று இரண்டாகத் தட்டுவார்கள். போன் கீபோர்டு பரிந்துரைத்த சொல்லைத் தொட்டால் கடைசியில் ஓர் இடைவெளியும் சேர்ந்துவிடும்.

அதனால் சொல் பூட்டுக்கு ஒகர, ஓகார, ஔகாரம் வராத, நடுவில் இடைவெளி இல்லாத சொல்லாக எடுங்கள்: கடல், துறைமுகம், பலா, முந்திரி. வேலிடேஷனில் டெக்ஸ்ட், கன்டெயின்ஸ் என்று வையுங்கள். கடைசி இடைவெளி இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். தோணிதான் வேண்டும் என்று தோன்றினால் அந்தச் சொல்லைப் படத்தில் வைத்து, எழுத்துக்கு ஓர் எண் கொடுத்து, பூட்டை எண்ணாகவே கேட்டுவிடுங்கள்.